கப்பல் தாளில் ஒரு கம்பெனி பஸ்

காகிதத்தைக் காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் ஆட்டுகிறாள். தலையைச் சாய்த்துக் கேட்கிறாள். பிடிக்கவில்லை போலிருக்கிறது, அதை அடுக்கின் மேலேயே வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கிறாள். கடைக்கு வந்து வெகுநேரமாகிவிட்டது, இன்னும் ஒன்றும் வாங்கவில்லை. பாஸ்போர்ட் போட்டோவுக்காகக் காலரைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்திருக்கும் ஒருவர், கேமராவைப் பார்க்காமல் இவளையே பார்க்கிறார். அந்தப் பெண்ணுக்குக் காது கேட்காதா என்று என்னிடம் மெதுவாக விசாரிக்கிறார். நன்றாகவே கேட்கும். மெத்தென்று சத்தம் வந்தால் அந்தத் தாள் மடிக்கும்போது வெடிக்காதாம். டப்பென்று வந்தால் மடித்த இடத்தில் வெள்ளை தெரியுமாம். "கேட்டுப் பாருணா" என்று ஒருநாள் என் காதிலும் ஆட்டினாள். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டது. வித்தியாசம் தெரிந்தவனாகத் தலையாட்டி வைத்தேன்.

இவள் பெயர் செந்தாமரை. ஊர் வாலாஜாபாத் பக்கம். பென்னலூரில் தோழிகளோடு வாடகை அறை எடுத்துத் தங்கி, செல்போன் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறாள். என் மனைவி சசிரேகாவும் அதே கம்பெனி, வரிசையாக நின்று வேலை செய்யும் அதே லைன். நான் சக்திகுமார்; பென்னலூர் சர்வீஸ் ரோட்டில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன், கூடவே டிசைன் பேப்பரும் விற்கிறேன். கல்யாணம், மஞ்சள் நீராட்டு, காதுகுத்து என்று எதற்குக் கூப்பிட்டாலும் போவேன். பெரிய அளவு டிஜிட்டல் ஆல்பம் போடுவதில் இந்தப் பக்கத்தில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். செந்தாமரை கடைக்கு வர ஆரம்பித்த பிறகு அப்படிச் சொல்வதை நிறுத்திவிட்டேன். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, எனக்கே வாயில் வரவில்லை. அவள்மேல் எனக்குப் பொறாமை. இதை மறைத்து எழுதினால் அவளைப் பற்றி உருப்படியாக ஒரு வரிகூட எழுத முடியாது.

அவள் போடுவதும் ஆல்பம்தான். ஆனால் கெட்டி அட்டையில் டிசைன் பேப்பரை வெட்டி ஒட்டிச் செய்வது. ஸ்கிராப் புக் என்று அதற்குப் பெயர். லைன் பெண்கள் ஆல்பம் என்றே சொல்வார்கள். லைனிலிருந்து ஒரு பெண் நின்றால் அவளுக்குக் கடைசி நாளில் ஓர் ஆல்பம் கொடுத்தனுப்ப வேண்டும் என்பது அங்கே வழக்கமாகிவிட்டது. பெரும்பாலும் கல்யாணத்துக்காக நிற்பார்கள், சில பேருக்கு ஒப்பந்தம் முடிந்துபோகும். கம்பெனிக்குள் வைத்துக் கொடுக்க முடியாது, கேட்டில் இருப்பவர்கள் விட மாட்டார்கள். ஆகவே கடைசிப் பயணத்தில், கம்பெனி பஸ்ஸில், அவள் இறங்க வேண்டிய நிறுத்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் கையில் கொடுப்பார்கள். பஸ்ஸுக்குள் பிரிக்கக் கூடாது. ஒருமுறை ஒருத்தி பிரித்துவிட்டு, பஸ் முழுக்க அழுது, டிரைவர் வண்டியை ஓரம் கட்டி எல்லோரையும் திட்டியிருக்கிறார். அதிலிருந்து வீட்டுக்குப் போய்த்தான் பிரிக்க வேண்டும் என்று சட்டம்.

இந்த ஆல்பத்தில் என்னைப் போன்ற ஆளுக்கு வேலை கிடையாது. உள்ளே போகிற போன்களின் கேமராமேல் வட்டமாக ஒரு ஸ்டிக்கர் ஒட்டித்தான் அனுப்புவார்கள். அதனால் வருஷக்கணக்கில் ஓர் இடத்தில் நின்று வேலை செய்த பெண்ணிடம் அந்த இடத்தின் படம் ஒன்றுகூட இருக்காது. தான் நின்ற மேடை, பக்கத்தில் நின்றவள், சேர்ந்து சாப்பிட்ட மேஜை எதுவும் இருக்காது. வெளியே எடுத்த செல்ஃபிகள் இருக்கும். அவற்றில் எல்லோரும் உதட்டைக் குவித்துக்கொண்டு ஒரே மாதிரி இருப்பார்கள். படமே இல்லாத அந்த வருஷங்களைத்தான் செந்தாமரை காகிதத்தில் செய்கிறாள்.

டிசைன் பேப்பர் கட்டுக்கட்டாக வரும். கட்டுக்கு ஒரு விஷயம். கிறிஸ்துமஸ், பிறந்தநாள், கல்யாணம், குழந்தை, கடல் பயணம் என்று மேலே அச்சடித்திருக்கும். கிறிஸ்துமஸ் கட்டை எல்லோரும் கிறிஸ்துமஸுக்கு வாங்குவார்கள். இவள் சித்திரை வெயிலில் வந்து கேட்டாள். எதற்கு என்றேன். "லைன்ல ஏசி எப்டி இருக்கும்னு தெரியுமாணா? எலும்பு வரைக்கும் குளுரும்," என்றாள். தாத்தாவை வெட்டி எடுத்தாள், மானை வெட்டி எடுத்தாள், பனியை மட்டும் வைத்துக்கொண்டாள். அந்தப் பனிக்கு நடுவில், வேறொரு நீலத் தாளில் வெட்டிய கோட்டுகள் வரிசையாக நின்றன. தலை இல்லை, முகம் இல்லை, வெறும் கோட்டுகள். ஆல்பத்தை வாங்கிப்போன பெண் அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் தன்னை அறியாமல் கைகளைத் தேய்த்துக்கொண்டாளாம், சசிரேகா வந்து சொன்னாள். வெட்டியெடுத்த கிறிஸ்துமஸ் தாத்தாக்களை அவள் தூக்கி எறியவில்லை. ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறாள். "வேல கெடைக்காம ஒக்காந்துகினு கீறாங்க. அவங்களுக்கும் ஒரு எடம் வரும்," என்கிறாள்.

பிறந்தநாள் கட்டுக்குள் வரும் டைனோசர்தான் ஷிஃப்ட் இன்சார்ஜ். கல்யாணக் கட்டுக்குள் பட்டுத்துணி போர்த்தி வரும் யானைகள், மாதக் கடைசியில் தலைமேல் ஏறி உட்காரும் டார்கெட். குழந்தைக் கட்டின் மேகங்களிலிருந்து தொட்டிலை நீக்கிவிட்டால், மார்கழி விடியலில் பஸ் நிறுத்தத்தில் நிற்கும் பனிமூட்டம் வந்துவிடும். காய்கறி படம் போட்ட தாளைக் கேன்டீனுக்கு அப்படியே வைப்பாள் என்று நினைத்தேன். அதைப் பொடிப்பொடியாக நறுக்கி, பக்கம் முழுவதும் தேடிப் பார்த்தால்தான் தெரிகிற மாதிரி அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒட்டினாள். அதுதான் கேன்டீன் சாம்பார். ஷிஃப்ட் முடிந்து வெளியே வரும்போது உரித்தெறியும் கேமரா ஸ்டிக்கர்களைக்கூட விடுவதில்லை. அவற்றைப் புள்ளியாக வைத்துக் கோலம் போடுகிறாள். அந்தப் பக்கம் மட்டும் பஸ்ஸில் கைமாறிக் கைமாறிப் போகும். ஒவ்வொருத்தியும் தன் ஸ்டிக்கரைத் தன் கையால் ஒட்ட வேண்டும்.

"கட்டு மேல இன்னா பேரு போட்டுக்கீதோ அத்த நம்பக் கூடாதுணா. அது விக்கறவன் வச்ச பேரு," என்பது அவளுடைய கொள்கை. விற்கிறவன் நான். என் முகத்துக்கு நேராகத்தான் சொன்னாள்.

கடல் பயணக் கட்டு வந்தபோது, இதை என்ன செய்கிறாள் பார்க்கலாம் என்று வேண்டுமென்றே மேலாக எடுத்து வைத்தேன். கப்பல், நங்கூரம், கயிறு, கலங்கரை விளக்கம். பென்னலூரில் கடலுக்கு எங்கே போவது? அவள் கப்பலின் வட்ட ஜன்னல்களை மட்டும் தனித்தனியாக வெட்டினாள். ஏரி நிரம்பி ரோட்டில் தண்ணீர் போகிற நாட்களில் கம்பெனி பஸ் எப்படி வரும் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். நீல அலைமேல் பஸ் மிதந்து வந்தது. ஒவ்வொரு வட்ட ஜன்னலிலும் ஒரு பெண்ணின் பாஸ்போர்ட் போட்டோ. எல்லாம் நான் எடுத்தவை. வேலைக்குச் சேருகிற சமயம் அடையாள அட்டைக்காக வந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த படங்கள். மீந்துபோன பிரதிகளை டிராயரில் போட்டு வைத்திருப்பேன், கேட்டு வாங்கிப் போனாள். எத்தனையோ எடுத்திருக்கிறேன், ஒன்றைக்கூட மறுபடி பார்க்கத் தோன்றியதில்லை. பஸ் ஜன்னலில் வைத்ததும் அத்தனை பேரும் வெளியே எட்டிப் பார்த்து, தண்ணீரைக் கண்டு மிரண்டவர்களாகத் தெரிந்தார்கள். என் படத்தில் அந்த மிரட்சி இருந்தது எனக்கே தெரியாது.

அவளிடம் குறை சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது. கேட்காமல் என் கட்டரை எடுப்பாள். கம்பெனியில் நகம் வளர்க்கக் கூடாது என்பதால் எல்லாவற்றையும் ஒட்ட வெட்டிவிட்டு, டேப் உரிப்பதற்காக இடது கட்டைவிரலில் மட்டும் கொஞ்சம் விட்டு வைத்திருக்கிறாள். அந்த நகத்தால் என் கண்ணாடி மேஜையில் கீறல் போட்டிருக்கிறாள். இடதுகைக்காரி. உலகத்துக் கத்தரிக்கோலெல்லாம் தனக்கு எதிராகச் செய்யப்பட்டவை என்று வரும்போதெல்லாம் புலம்புவாள். பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளும் வழக்கமே கிடையாது. அடித்துச் சொல்கிறேன், அவளுக்கு நேராக வெட்ட வராது. அந்த பஸ் கோணல். வளைவெல்லாம் பிசிறு. என் ஆல்பத்தில் ஓரம் ஒரு மயிரிழை பிசகினால் பிரிண்ட் லேபுக்குத் திருப்பி அனுப்பிவிடுவேன். இவள் வாங்கிய தாள்களைப் பாய்க்கு அடியில் பரப்பி, சுருக்கம் போக அதன்மேலேயே படுத்துக்கொள்கிறாள். தூக்கத்தில் புரண்டு அவள் பாய்மேல் போய்விட்டால் எங்களுக்குத் திட்டு விழுகிறது என்று அவளோடு தங்கியிருக்கும் பெண் ஒருத்தி என்னிடம் வந்து முறையிட்டாள். எனக்குக் கேட்கச் சந்தோஷமாக இருந்தது. இன்னும் ஏதாவது உண்டா என்று தூண்டிக் கேட்டேன்.

ஒருமுறை அவள் மேஜையில் விட்டுப்போன பக்கம் ஒன்றை அவளுக்குத் தெரியாமல் ஸ்கேன் எடுத்தேன். அதே மேகம், அதே பஸ். கோணலையெல்லாம் கம்ப்யூட்டரில் நிமிர்த்தி, பிசிறை நீக்கி, டெம்ப்ளேட் ஆக்கிக் கிளாஸி போட்டோ தாளில் அச்சடித்தேன். பளபளவென்று வந்தது. வெயிலில் கொண்டுபோய் வைத்துப் பார்த்தேன், கடைக்குள் வைத்துப் பார்த்தேன். நர்சரி பள்ளிக்கூடத்துச் சுவர் விளம்பரம் மாதிரி இருந்தது. கிழித்துப் போட்டேன்.

கல்யாண நாள், அறுபதாம் கல்யாணம் என்று ஆல்பம் கேட்டு அவளிடம் ஆட்கள் வராமல் இல்லை. அம்மா அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு ஆல்பம் கேட்ட நல்ல வசதியான வீட்டுக்காரர் ஒருவரை நானே எரிச்சலோடு அவளிடம் அனுப்பினேன். அவள் அவரிடம், அம்மா எங்கே வேலை பார்த்தார்கள், கேன்டீனில் யார் பக்கத்தில் உட்காருவார்கள் என்றெல்லாம் கேட்டிருக்கிறாள். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. முடியாது என்று அனுப்பிவிட்டாள். வருகிற வேலையை ஏன் விடுகிறாய் என்று கேட்டேன். "தெரியாதவங்களுக்கு எந்தத் தாளு குளுரும்னு எனக்கு எப்டிணா தெரியும்?" என்றாள். தெரியாதவர்களுக்கு ஆல்பம் போட்டுத்தான் நான் குடும்பம் நடத்துகிறேன்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கவிப்பிரியா வந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. அதே லைனிலிருந்து நின்று சிங்கப்பெருமாள் கோவில் ஊருக்கு வாழ்க்கைப்பட்ட பெண் அவள். பிள்ளையின் முதல் பிறந்தநாளுக்குப் படம் எடுக்க வந்தாள். அவளுடைய கல்யாண ஆல்பம் நான் போட்டது. பக்கத்துக்குப் பக்கம் அன்னப்பறவை, அருவி, பாரிஸ் கோபுரம் என்று கண் வலிக்க உட்கார்ந்து செய்தேன். அது எப்படி இருக்கிறது என்று ஆசையாகக் கேட்டேன். "நல்லா கீதுண்ணா. மாமியார் வூட்ல பீரோ மேல துணி சுத்தி வச்சிக்கீறாங்க," என்றாள். பிறகு பிள்ளைக்கு மாற்றுத்துணி எடுக்கப் பையைத் திறந்தாள். பால்புட்டிக்கும் துண்டுக்கும் நடுவில் செந்தாமரையின் ஆல்பம் இருந்தது. முனை மழுங்கி, அட்டையில் எண்ணெய்க் கறை ஏறியிருந்தது. பிள்ளை அழுதால் அதைத்தான் காட்டுவாளாம், டைனோசரைக் கண்டதும் அழுகையை நிறுத்திவிடுகிறதாம். என் காதில் புகை வந்தது. பிள்ளையைச் சிரிக்க வைக்க வேண்டும் என்பதையே மறந்து, வந்த முகத்தை எடுத்து அனுப்பிவிட்டேன்.

அதுவரை இது கடைக்குள் இருந்த எரிச்சல். போன மாதம் வீட்டுக்குள் வந்தது. சசிரேகாவுக்குக் கழுத்து எலும்பு தேய்மானம். ஷிஃப்ட் முழுக்க நிற்பதும் குனிவதும் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேலையை விட்டுவிட்டு என்னோடு ஸ்டுடியோவில் உட்காருவது என்று முடிவு செய்தோம். சொல்லும்போது சுலபமாக இருந்தது. ஆனால் அவள் அந்த வேலையை எப்படி விடுகிறாள் என்பதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். சாப்பிடும்போது பேச்சு நின்றுவிடும். ஒரு லைனே அக்கா அக்கா என்று கூப்பிட்ட இடத்திலிருந்து வந்து, என் பக்கத்து ஸ்டூலில் உட்காரப் போகிறாள். அந்த ஸ்டூல் அவளுக்கு இறக்கமாகத் தெரிந்துவிடுமோ என்று எனக்குப் பயம். ஊரில் வேறு யார் நினைக்காவிட்டாலும் போகிறது, அவளாவது என் வேலையைப் பெரிதாக நினைக்க வேண்டும்.

அந்தச் சமயம் பார்த்துச் செந்தாமரை வந்தாள். அக்காவுக்கு ஆல்பம் போடுகிறோம், அக்காவிடம் மூச்சு விடக் கூடாது என்றாள். "அக்காவோட நீ இருக்கற மாதிரி ஒரு படம் குடுண்ணா. உன்னுது ஒரு பக்கம் வெக்கணும்." தேடிப் பார்க்கிறேன் என்றேன். மறுபடி வந்து கேட்டபோது ஹார்டு டிஸ்க் திறக்கவில்லை என்று பொய் சொன்னேன். கொடுக்க மனசில்லை, அவ்வளவுதான். என் பெண்டாட்டிக்கு ஆல்பம் போட இவள் யார்? என் படத்தைக் கொடுத்து இவளுடைய கோணல் பஸ்ஸில் ஏற்றிவிட நான் என்ன இளிச்சவாயனா?

நானே ஒன்று போட்டேன். இருப்பதிலேயே உயர்ந்த தாள், தோல் மாதிரி அட்டை, மேலே தங்க எழுத்தில் அவள் பெயர். படம் தேட உட்கார்ந்தபோதுதான் சங்கடம் தெரிந்தது. சசிரேகாவின் படங்கள் என்னிடம் ஏராளம் இருந்தன, ஆனால் பாதிக்குமேல் லைட் சரிபார்க்க எடுத்தவை. வெள்ளை அட்டையைப் பிடித்துக்கொண்டு, கண்ணைச் சுருக்கி, ஆச்சா என்று கேட்கிற முகத்தோடு நின்றிருந்தாள். கல்யாணத்தில் எடுத்ததையும் கோவில்களில் எடுத்ததையும் வைத்து ஒப்பேற்றினேன். கம்பெனிப் பக்கம் ஒன்று இல்லாமல் முடிக்க மனசு வரவில்லை. செந்தாமரை தலையில்லாத கோட்டுகளைத்தானே ஒட்டுவாள், நான் அசல் மாதிரியே வைக்கிறேன் பார் என்று வீம்பு. இணையத்தில் தேடி, பளிச்சென்ற ஒரு தொழிற்சாலை லைனைப் பிடித்தேன். கோட்டும் கையுறையும் தொப்பியும் போட்ட பெண்கள் வரிசையாக நின்றார்கள். முன்னால் நின்றவளின் முகத்தை எடுத்துவிட்டு என் மனைவியின் முகத்தை வைத்தேன். நிழல், தோல் நிறம், கழுத்து மடிப்பு எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. ஒட்டு எங்கே என்று எவனாலும் கண்டுபிடிக்க முடியாது.

கடைசி நாள் அவளுக்கு முதல் ஷிஃப்ட். மாலை வெயிலோடு பஸ்ஸிலிருந்து இறங்கினாள். கண் சிவந்திருந்தது. கையில் துணிக்கடைப் பை, அதற்குள் செந்தாமரையின் ஆல்பம். முகம் கழுவிக்கொண்டு வரட்டும் என்றுகூட நான் விடவில்லை. அது பிரிபடுவதற்கு முன்னால் இதைப் பார்த்துவிட வேண்டும் என்று என்னுடையதை அவள் மடியில் வைத்தேன்.

தங்க எழுத்தைத் தடவிப் பார்த்தாள். கல்யாணப் படங்களுக்குச் சிரித்தாள். கம்பெனிப் பக்கத்துக்கு வந்ததும் நின்றாள். கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள், தள்ளி வைத்துப் பார்த்தாள்.

"யாருங்க இது?"

நீதான் என்றேன்.

"மூஞ்சி என்துதான். ரோஸ் தொப்பி போட்டுக்கீறாளே."

அதனால் என்ன என்று கேட்டேன். அவள் கோபப்பட்டிருந்தால் தேவலை. பொறுமையாக எடுத்துச் சொன்னாள். அவர்கள் கம்பெனியில் ரோஸ் தொப்பி புதிதாகச் சேர்ந்த ட்ரெய்னிகளுக்கு. அவர்கள் எதையும் தனியாகத் தொடக் கூடாது. நீலம் ஆபரேட்டர்களுக்கு. மஞ்சள் லைன் லீடருக்கு, லைனுக்கு ஒரே ஒரு மஞ்சள். ஏதாவது தகராறு என்றால் எல்லோரும் தலையைத் தூக்கி அந்த மஞ்சள் எங்கே என்றுதான் தேடுவார்கள். "இத்தினி வருசம் கழிச்சி என்னை ட்ரெய்னி ஆக்கிட்டீங்களே," என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பிறகு ஆல்பத்தை மூடிப் பக்கத்தில் வைத்தாள்.

அவள் லைன் லீடர் ஆனது எனக்குத் தெரியும். அன்றைக்குப் பால்கோவா வாங்கி வந்தாள், சாப்பிட்டேன். தொப்பியும் கோட்டும் கம்பெனியிலேயே சலவைக்குப் போய்விடும், வீட்டுக்கு வராது. அதனால் நான் பார்த்ததில்லை. ஆனால் நிறத்தை வைத்துத்தானே நான் சோறு தின்கிறேன்? மணப்பெண்ணின் புடவை அரக்கு, நீ மெரூன் ஆக்கிவிட்டாய் என்று பிரிண்ட் லேபோடு சண்டைக்குப் போகிறவன் நான். வெட்கமாக இருந்தது.

அவள் செந்தாமரையின் ஆல்பத்தைப் பிரித்தாள். முதல் பக்கத்திலேயே நீலத் தொப்பிகளின் கூட்டம். நடுவில் சூரியகாந்தித் தாளிலிருந்து இதழ் இதழாக எடுத்து அடுக்கிய ஒரே ஒரு மஞ்சள் தொப்பி. அடுத்த பக்கத்தில் அந்த மஞ்சள் தொப்பி முன்னால் நின்று, பாய்ந்து வரும் யானைகளைக் கையை நீட்டித் தடுத்துக்கொண்டிருந்தது. பிஸ்கட் டப்பாவிலிருந்த கிறிஸ்துமஸ் தாத்தாக்களுக்குக் கடைசியில் வேலை கிடைத்திருந்தது. தாடியும் மூட்டையுமாக அவர்கள் வரிசையில் வந்து லைனை எட்டி எட்டிப் பார்த்தார்கள். "ஆடிட்டுக்கு வர்ற வெளி ஆளுங்க," என்று சொல்லி சசிரேகா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

உன்னுது ஒரு பக்கம் என்று செந்தாமரை சொல்லியிருந்தாள். படம் கொடுக்காததால் அந்தப் பக்கம் காலியாக இருக்கும், ஏன் காலி என்று சசிரேகா கேட்பாள், நான் சொன்ன பொய் வெளியே வரும். அவள் பக்கத்தைப் புரட்டினாள். காலியாக இல்லை. பக்கம் முழுக்கக் கறுப்புத் தாள். கீழே கோணலாக ஒரு ரோடு. ரோட்டின் ஓரத்தில், கடல் பயணக் கட்டிலிருந்து வெட்டிய கலங்கரை விளக்கம். அதன் உச்சியிலிருந்து எண்ணெய்த் தாளில் செய்த வெளிச்சம் பக்கத்தின் மறுமுனை வரைக்கும் போயிருந்தது. அடியில் குண்டு எழுத்தில் "அண்ணன் லைட்டு" என்று இருந்தது.

எனக்குப் புரியவில்லை. சசிரேகாதான் சொன்னாள். இரண்டாம் ஷிஃப்ட் முடிந்து வரும் பஸ்ஸுக்காக நான் சர்வீஸ் ரோட்டு நிறுத்தத்தில் பைக்கோடு காத்திருப்பேன். அங்கே தெருவிளக்கு எரியாது. அதனால் ஹெட்லைட்டை ரோட்டைப் பார்க்கத் திருப்பிப் போட்டு வைப்பேன், பேட்டரி இறங்குகிறதே என்று திட்டிக்கொண்டே. பஸ் திரும்பும்போதே அந்த வெளிச்சம் தெரிந்துவிடுமாம். ஜன்னலில் சாய்ந்து தூங்கும் சசிரேகாவை யாராவது ஒரு பெண் உலுக்குவாளாம். "அக்கா எந்திரி, அண்ணன் லைட்டு வந்துச்சி." அதைப் பார்த்துத்தான் அடுத்த நிறுத்தத்தில் இறங்குகிற பெண்களும் பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார்களாம். பஸ்ஸுக்கே தெரிந்த அந்தப் பெயர் எனக்குத் தெரியாது. சசிரேகா அந்தப் பக்கத்தின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள்.

எனக்கு அப்போது நன்றியெல்லாம் வரவில்லை. பொறாமை உச்சந்தலைக்கு ஏறியது. நான் படம் கொடுக்காமல் ஏமாற்றியும், என்னிடமே வாங்கிய தாளை வைத்து, என் மனைவிக்காக, என்னைச் செய்து வைத்திருக்கிறாள். எத்தனை கேமரா வாங்கினேன், எத்தனை லென்ஸ் வாங்கினேன். இந்த ஒன்றை எடுக்க எனக்குத் தோன்றவில்லையே என்று வயிறு எரிந்தது.

அடுத்த வார விடுமுறை நாளில் செந்தாமரை கடைக்கு வந்தாள். சசிரேகா என் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து ரசீது எழுதப் பழகிக்கொண்டிருந்தாள். நான் அலமாரியில் பின்னால் தள்ளி வைத்திருந்த தங்க எழுத்து ஆல்பத்தை அவளே எழுந்து எடுத்து, "உங்க அண்ணன் எனக்குப் போட்டது, பாரு" என்று செந்தாமரையின் முன்னால் வைத்தாள். எனக்கு எங்காவது ஓடிவிடலாம் போலிருந்தது. செந்தாமரை ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தாள். அன்னப்பறவைகளில் நிறுத்தி நிதானமாகப் பார்த்தாள். ரோஸ் தொப்பிக்கு வந்தாள். நாளைக்குள் பஸ் முழுக்கச் சிரிக்கப் போகிறது என்று நான் நினைத்தேன்.

அவள் சிரிக்கவில்லை. அந்த ஒற்றை நகத்தை சசிரேகாவின் கழுத்து ஓரமாக மெல்ல நகர்த்திக்கொண்டு போனாள். திரும்பக் கொண்டு வந்தாள். "ஒட்டு எங்க கீதுன்னே தெர்லயேண்ணா," என்றாள். "எனக்கு இந்த ஜென்மத்துல இப்டி வராது." குரலில் ஒரு வெடுக்கென்ற எரிச்சல் இருந்தது. அந்த எரிச்சலை நான் எங்கே வைத்துக் கேட்டாலும் அடையாளம் கண்டுகொள்வேன்.

பிறகு கடையைச் சுற்றிப் பார்த்தாள். டிசைன் பேப்பர் அடுக்கில் இருந்த மஞ்சள்களையெல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு, சரியில்லை என்று வைத்துவிட்டாள். மேஜைமேல் பாஸ்போர்ட் போட்டோ போட்டுக் கொடுக்கும் என் கடையின் மஞ்சள் கவர்கள் கிடந்தன. ஒன்றை எடுத்து சசிரேகாவின் பக்கம் உயர்த்திக் காட்டினாள். சசிரேகா அதை உற்றுப் பார்த்து, அதேதான் என்று தலையசைத்தாள். செந்தாமரை கவரைக் கிழித்து, கடையின் பெயர் இல்லாத பக்கத்தில் பட்டாணி அளவுக்கு ஒரு தொப்பி வெட்டினாள். பின்புறம் பசை தடவினாள். ஒட்டப் போகிறாள் என்று நான் ஆல்பத்தை அவள் பக்கம் நகர்த்தினேன். அவள் அதைத் திரும்ப என் பக்கமே தள்ளினாள்.

"நீயே ஒட்டுண்ணா. நான் ஒட்னா கோணலாப் பூடும்."

பசை தடவிய பக்கம் மேலே தெரிய அந்த மஞ்சள் தொப்பியை விரல் நுனியில் ஏந்தி நீட்டினாள். நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொள்கிற வரைக்கும் அந்த விரல் ஆடாமல் நின்றது.